வாசல் விடாமல் போட்ட கோடு

எருக்கங்குளத்துக்குக் கிழக்கே, பைபாஸ் ரோடு பிரிகிற முக்கில், ஒரு செங்கல் அடுக்காமல், ஒரு சட்டிக் கலவை குழைக்காமல், ஒரே காலையில் ஒரு வீடு எழும்பி நின்றது என்பதையும், கண்ணுக்குத் தெரியாத அந்த வீட்டின் மூலையறையில் தவசி என்கிற மனிதர் நாற்பத்தொரு நாள் அடைபட்டுக் கிடந்தார் என்பதையும், அவரை வெளியே எடுக்க அவருடைய மனைவி குருவம்மாள் பேசாத பேரம் இல்லை என்பதையும் நம்புகிறவர்கள் நம்பட்டும், நம்பாதவர்கள் போகட்டும். நம்பச் சொல்லி அந்த ஊர்க்காரர்கள் யார் காலிலும் விழப்போவதில்லை, அவர்களுக்கு அங்கே முட்டிக்கொண்ட நெற்றி இருக்கிறது, தடவிப் பார்த்துக்கொள்வார்கள்.

குருவம்மாள் வாழைக்காய் மண்டி வைத்திருந்தாள். யாரும் தூக்கிக் கொடுத்த மண்டி இல்லை. பதினாறு வயதில் தலையில் இலைக்கட்டைச் சுமந்துகொண்டு ஓட்டல் ஓட்டலாகப் போய், கட்டுக்கு ரெண்டு இலை கிழிசல் என்று சொல்லி அடிமாட்டு விலைக்குக் கேட்கிறவனிடம், கிழிசல் இலையில் உன் மாமியாருக்குப் போடு என்று திருப்பிக் கொடுத்து, ஏமாந்து, ஏமாற்றக் கற்று, பிறகு ஏமாற்றாமலே ஜெயிக்கக் கற்று, லாரி லாரியாக வாழைத்தார் இறங்குகிற இடத்துக்கு வந்து சேர்ந்தவள். தார் தரையைத் தொடுமுன்னே அவள் வாயில் விலை வந்துவிடும், அவள் சொன்ன விலைதான் முடியும். தவசி தார்களைத் தூக்கி அடுக்குவார், பழுக்கப்போடுவார், சருகு மூடுவார். முப்பத்தோரு வருஷத் தாம்பத்தியத்தில் பிள்ளை இல்லை, சண்டையும் இல்லை. சண்டைக்கு ரெண்டு வாய் வேண்டும், அந்தக் குடும்பத்துக்கு அளந்து கொடுத்த பேச்சு முழுவதையும் குருவம்மாளே எடுத்துக்கொண்டிருந்தாள்.

கதவைத் திறந்தால் அடுப்பில் இடிக்கிற வாடகை வீடுகளில் அத்தனை வருஷம் இருந்தவள் ஒரு மனை வாங்கினாள். முறையாகத்தான் ஆரம்பித்தாள். வீட்டுக்கு வரைபடம் போட்டுக்கொடுக்கிற ஆர்க்கிடெக்ட் ரெஜினாவை வரச் சொன்னாள். டவுனில் ஒரு கல்லூரியில் முதல் வருஷப் பிள்ளைகளுக்குப் பாடமும் எடுக்கிற பெண், முப்பது வயது இருக்கும். வந்தவள் டேப்பை எடுக்கவில்லை. மனையில் வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்தாள், காற்று எங்கிருந்து வருகிறது என்று முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், அப்புறம் ஒரு நோட்டைப் பிரித்துவைத்துக்கொண்டு கேட்டாள்.

"வீட்டுல யார் யார் இருப்பீங்கம்மா? காலைல எந்திரிச்சதும் ஐயா எங்க போய் உக்காருவார்?"

தவசி வாயைத் திறந்தார். குருவம்மாள் முந்திக்கொண்டாள்.

"ஏம்மா, நீ கல்யாணத் தரகுக்கு வந்தியா, வீட்டுக்குக் கோடு போட வந்தியா?"

"கோடு போடுறதுக்கு முன்னாடி இதைத்தாம்மா கேக்கணும்."

"நாலு கோடு நானே போட்டுக்கிடுவேன். நீ போயி படிக்கிற புள்ளைகளுக்குச் சொல்லிக்குடு, அதுகதான் வேற வழியில்லாம கேட்டுக்கிட்டு இருக்கும்."

ரெஜினா நோட்டை மூடிக்கொண்டு போனாள். தவசி திறந்த வாயை மூடிக்கொண்டார். குருவம்மாள் காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் தன் கையாலே வீட்டை வரைந்தாள், கொத்தனார் சேவுகனை உட்காரவைத்து அடிக்கணக்கில் பேரம் பேசினாள். அவளுக்கு ஹால் பெரிதாக வேண்டும். இலைக்கட்டோடு வாசலில் நிற்கவைத்துப் பேசினவன் எவனாவது ஒரு நாள் அந்த ஹாலுக்குள் வரவேண்டும், வாசலிலிருந்து அவள் நாற்காலிக்கு நடந்து வருவதற்குள் அவனுக்கு நாக்கு வறள வேண்டும், அத்தனை பெரிதாக வேண்டும். நாற்பது அடி மனை ரப்பர் இல்லையே, இழுத்தால் வர. சமையல்கட்டில் ஓர் அடி பிடுங்கினாள், குளியலறையில் அரை அடி பிடுங்கினாள், தென்மேற்கு மூலையில் ஐயாவுக்கு என்று சேவுகன் போட்டிருந்த பத்துக்குப் பத்து அறையை எட்டாக்கினாள், எட்டை ஏழாக்கினாள்.

"தாயி, ஏழடிக்குக் கீழ போனா அது ரூமு இல்ல, அலமாரி," என்றார் சேவுகன்.

"அவரு என்ன ஆனையா? ஆளு அஞ்சரை அடி. அஞ்சு போடும்."

"படுத்தா காலு?"

"மடக்கிக்கிடுவார். இத்தன வருசமா மடக்கித்தானே படுத்துருக்கார். இந்தாங்க, உங்களுக்கு அஞ்சு போதுமா போதாதா?"

தவசி போதும் என்றுதான் சொன்னார். அவருக்கு அந்த ஒரு பதில்தான் தெரியும்.

கோடு போடுகிற நாள் வந்தது. முளைக்குச்சி அடித்து, நூல் கட்டி, அடியில் ஓட்டை போட்ட தகர டப்பாவில் சுண்ணாம்புத் தூளை நிரப்பி, நூலை ஒட்டியே தட்டிக்கொண்டு போனார் சேவுகன். அஸ்திவாரம் தோண்டுகிறவன் பின்னால் அந்த வெள்ளைக் கோட்டின் மேலேதான் தோண்டிக்கொண்டு வருவான். வாசல் வருகிற இடத்திலும் அடியில் அஸ்திவாரம் ஓடத்தான் வேண்டும், அதனால் வாசலுக்கென்று கோட்டில் இடம் விடுகிற வழக்கம் எந்தக் கொத்தனாருக்கும் கிடையாது, சேவுகனின் அப்பனும் விட்டதில்லை, அவருக்குச் சொல்லிக்கொடுத்தவனும் விட்டதில்லை. ஹால் மூடியது, சமையல்கட்டு மூடியது, குளியலறை மூடியது. தவசி டேப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டு தென்மேற்கு மூலையில் நின்றார், ஏனென்றால் குருவம்மாள் அவரை "அங்கயே நில்லுங்க, அசையாதீங்க" என்று சொல்லியிருந்தாள். கடைசியாக மேற்குக் கோடு வந்தது. அது முடியப்போகிற நேரத்தில் "ஓய், ஒரு விரக்கடை உள்ள வாங்குதே, கண்ணு தெரியுதா இல்லையா!" என்று அவள் போட்ட சத்தத்தில் சேவுகனின் கை ஒரு துள்ளு துள்ளியது, சுண்ணாம்பு ரெண்டு விரல் அகலத்துக்கு விழாமல் போய் மறுபடி விழுந்தது, கோடு வந்து மூலையில் சேர்ந்தது.

டீ வந்தது. "வாங்க, குடிங்க," என்றாள். தவசி டேப்பைக் கீழே வைத்துவிட்டு ரெண்டு எட்டு நடந்தார். நெற்றி இடித்தது.

ஒன்றுமில்லாத இடத்தில் ஒரு மனிதர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து முதலில் சிரித்தார்கள். சேவுகன் போய்க் கையை நீட்டினார், கை மடங்கியது. உள்ளங்கையை வைத்துத் தடவிக்கொண்டே மூலைவரை போனார், திரும்பினார், அடுத்த மூலைவரை போனார். நாற்பது வருஷமாகச் சுவரைத் தடவிப் பார்த்த கைக்குச் சந்தேகம் வருமா? "தாயி," என்றார், "சுவரு நிக்குது. பூசுன சுவரு. நல்லா வழவழன்னு இருக்கு."

துடைப்பம் கொண்டுவந்து கோட்டைக் கூட்டினார்கள், தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள். கோடு போனது, சுவர் போகவில்லை. கோடு போனதால் சுவர் எங்கே இருக்கிறது என்பதும் தெரியாமல் போய் இன்னும் நாலு பேருக்கு மண்டை வீங்கியது, மறுபடி சுண்ணாம்பு போட்டார்கள். கடப்பாரை குத்தினார்கள், முனை மழுங்கியது. ஜேசிபி வந்து முட்டியது, பல் வளைந்தது, ஓட்டுகிறவன் வண்டிக்குச் சாபம் விட்டுக்கொண்டு போனான். அடியில் தோண்டினார்கள், ஆளுயரம் தோண்டினால் ஆளுயரத்துக்குச் சுவர் இருந்தது, ரெண்டாள் உயரம் தோண்டினால் ரெண்டாள் உயரத்துக்கு இருந்தது. ஏணியைக் காற்றில் சாய்த்தார்கள், ஏணி நின்றது, ஏறிப்போன எலக்ட்ரீசியன் ஏணி முடிகிற இடம்வரை போய் மேலே கையை நீட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் போகுதுக்கா," என்று அழாக்குறையாகச் சொன்னான்.

வேறு வழியில்லாமல் சேவுகன் போய் ரெஜினாவைக் கூட்டிவந்தார். அவள் ஆச்சரியப்படவில்லை. காலண்டர் தாளை வாங்கிப் பார்த்தாள்.

"இது தரைப்படம்மா. வீட்டை இடுப்பு உயரத்துல கத்தி வச்சுக் கிடையா அறுத்து, மேல பாதியத் தூக்கிட்டு, மேலேருந்து பாத்தா என்ன தெரியுமோ அதான் தரைப்படம். இதுல அகலம் இருக்கும், நீளம் இருக்கும், உயரம் இருக்காது. உயரத்துக்கு வேற படம் போடணும், நட்டமா அறுத்த மாதிரி. நீங்க போடலை. சுவர் எங்க முடியணும்னு யாருமே சொல்லலை, அதனால அது முடியலை."

"இப்ப போடு."

"எழும்புன பிறகு போட்டா என்ன பிரயோஜனம்?"

"என்ன கேக்குற, சொல்லு. அன்னைக்கு ஒன்னய வெரட்டுனதுக்கு என்ன வேணும், சொல்லு."

"எனக்கு ஒண்ணும் வேணாம்மா," என்றாள் ரெஜினா. ஒன்றும் வேண்டாம் என்று சொல்கிறவனிடம் எந்தப் பேரமும் நடக்காது என்பது குருவம்மாளுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது.

சேவுகனின் கை துள்ளிய இடத்தில் மட்டும் ரெண்டு விரல் சந்து இருந்தது. அவள் போட்ட சத்தத்தால் வந்த சந்து, அதுதான் தவசிக்கு உயிர். அந்தச் சந்தில் வாழைப்பழம் போகும், தோசை செங்குத்தாகப் போகும், அப்பளம் போகும், வடை போகாது. சோற்றை வெறுந்தட்டு போன பிறகு பிடிபிடியாகத் திணிக்க வேண்டும். ரப்பர் குழாயில் தண்ணீர் போனது, மழைக்கு மடித்த பிளாஸ்டிக் ஷீட் போனது. ஓர் ஓரத்தில் மண்ணைத் தோண்டி மூடிக்கொள்கிற காரியத்துக்கு நாலு திசையிலும் ஊரே பார்த்துக்கொண்டிருந்ததால், குருவம்மாள் தன் சேலைகளைக் கம்பு நட்டுச் சுற்றிக் கட்டினாள். ஆளைத் தடுப்பது மட்டும் சுவரின் வேலை இல்லை, கண்ணைத் தடுப்பதும் அதன் வேலைதான், இந்தச் சுவர் பாதி வேலையைத்தான் செய்கிறது என்று அன்றைக்கு ஊர் தெரிந்துகொண்டது.

மத்தியானம் ஆனால் மேற்கு வெயில் கண்ணாடியில் வருகிற மாதிரி உள்ளே இறங்கியது. சந்து வழியே காற்று போனது, போன காற்று வெளியே வர இன்னொரு சந்து இல்லாததால் நுழைந்த இடத்திலேயே முட்டிக்கொண்டு நின்றது. தவசி வேர்த்துக் கொட்டினார். குருவம்மாள் மூங்கில் நட்டுப் பச்சை வலை கட்டி நிழலை அவர்மேல் தள்ளினாள், சந்தில் வாயை வைத்து ஊதினாள். ஐம்பது ஆள் நிற்கிற மண்டியையே சத்தம் போட்டு அடக்குகிறவள் ரெண்டு விரல் சந்தில் உஸ் உஸ் என்று ஊதிக்கொண்டிருந்தாள். ஏழடி கொடுத்திருந்தால் என்ன, எட்டடி விட்டிருந்தால் என்ன, ஹாலுக்குள் எவன் வரப்போகிறான்? ஹாலும் வாசலில்லாமல்தான் நின்றது. மழை பெய்து அதற்குள் புல் முளைத்தது, யாரும் மிதிக்காத புல், ஆடு எட்டிப் பார்த்துவிட்டு மூக்கை இடித்துக்கொண்டு போகிற புல்.

ஊர் எதற்கும் பழகிவிடும். பத்து நாளில் பக்கத்தில் டீக்கடை வந்தது. பஸ் கண்டக்டர் பால்ச்சாமி "கோட்டு வீடு இறங்கு" என்று கத்த ஆரம்பித்தான். மின்வாரிய ஆள் வந்து சுவரைத் தட்டிப் பார்த்து, மீட்டரை இதில் மாட்டினால் சாமான் தெரியும், மாட்டின சுவர் தெரியாதே, மேலதிகாரிக்கு என்ன எழுதுவது என்று தலையைச் சொறிந்துவிட்டுப் போனார். வாசலில் கோலம் போடுகிற பெண்கள் எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு பக்கம் திறந்துவிட்டே போட்டார்கள், பாண்டி ஆடுகிற பிள்ளைகள் கட்டத்துக்குக் கட்டம் வழி விட்டுக் கோடு கிழித்தார்கள். வீடு கட்டப்போகிறவர்கள் குடும்பத்தோடு வந்து, தடவித் தடவிக் குருவம்மாளின் வீட்டைச் சுற்றி நடந்து, "அஞ்சுக்கு அஞ்சுன்னா இம்புட்டுத்தானா, தாள்ல பெருசா தெரியுமே," என்று தவசியைக் காட்டிப் பேசிக்கொண்டார்கள். டீக்கடையில் உட்கார்ந்து காற்று வர ஒரு வழி, போக ஒரு வழி என்று தர்க்கம் பண்ணினார்கள். கட்டடத்தைப் பற்றி எருக்கங்குளத்தில் தெரியாதவனே இல்லை என்றாகிவிட்டது. அவரை வெளியே எடுக்கத்தான் ஒருவனுக்கும் தெரியவில்லை.

ரெஜினா தன் முதல் வருஷப் பிள்ளைகள் இருபது பேரைப் பஸ்ஸில் கூட்டிவந்தாள். காகிதத்தில் காட்டினால் புரியாதது இங்கே புரியும் என்றாள். கோட்டுக்கு வெளியே நிற்கவைத்து, "ஒரு கோடு என்ன பண்ணும்?" என்று கேட்டாள்.

"எல்லை காட்டும் மேடம்," என்றது ஒரு பிள்ளை.

"அழகா இருக்கும் மேடம்," என்றது ஒன்று.

"ஒரு ஆளை உள்ள வைக்கும், ஒரு ஆளை வெளிய வைக்கும்," என்றாள் ரெஜினா. "அது தெரியாம பென்சிலைத் தொடாதீங்க. நாம கட்டுறது சுவரை இல்லை, சுவருக்கு நடுவுல இருக்கிற வெறும் இடத்தை. அந்த வெறும் இடத்துலதான் ஐயா இருக்கார். இடத்தை எதை வச்சு அளக்கணும்? டேப்பை வச்சா?"

சடை பின்னின ஒரு பெண் சுவருக்குப் பக்கத்தில் போய்க் கேட்டாள். "ஐயா, ரெண்டு கையையும் விரிங்களேன்."

தவசி விரித்தார். ரெண்டு கையும் ரெண்டு சுவரில் முட்டி முழங்கை மடங்கியது. "மடங்குதும்மா," என்றார்.

"படுத்தா எப்படிங்கய்யா?"

"மூலைக்கு மூலை சாஞ்சு படுத்தா நீட்டலாம். நேராப் படுத்தா ஆகாது." சொல்லிவிட்டு, தானாக, யாரும் கேட்காமலே, "காத்து உள்ள வந்தா போக வழியில்ல, எதுத்த பக்கம் சன்னல் இருந்தா போகும்," என்றார்.

பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். மூங்கிலுக்குப் பின்னால் நின்ற குருவம்மாள் தன் புருஷன் ஒரே மூச்சில் இத்தனை வார்த்தை பேசி முதல்முறையாகக் கேட்டாள், கேட்டதும் ஏன் என்று தெரியாமல் பயந்தாள். அதற்குப் பிறகு வாரத்துக்கு ரெண்டு முறை அந்தப் பிள்ளைகள் வந்தார்கள், அவரிடம் கேட்டார்கள், அவர் சொன்னார்.

முப்பதாம் நாள் ரெஜினா சொன்னாள், கதவு வரைந்து பார்க்கலாம் என்று. தரைப்படத்தில் கதவை எப்படிக் காட்டுவது என்று மண்ணில் குச்சியால் போட்டுக் காட்டினாள்: கோட்டை ஓர் இடத்தில் விட்டு, விட்ட இடத்தின் ஓரத்திலிருந்து ஒரு சின்னக் கோடு கதவுக்கு, கதவு திறக்கிற வழிக்கு ஒரு வளைவு. சேவுகன் வெளியிலிருந்து வரைந்தார், திறக்கவில்லை. குருவம்மாள் வரைந்தாள், திறக்கவில்லை. சந்து வழியாக ஒரு சாக்பீஸ் உள்ளே போனது.

"கிழக்க போடுங்க, ஹால் பக்கம்!" என்றாள் குருவம்மாள். தவசி கிழக்கே போட்டார். தள்ளினார். சுவர்.

"வடக்குதான் வாசல் சாஸ்திரம்," என்றார் மனையடி பார்க்கிற ஒருவர். வடக்கே போட்டார். சுவர்.

"ரோட்டைப் பாக்கப் போடும்யா!" என்றான் பால்ச்சாமி, பஸ்ஸை நிறுத்திவிட்டு. போட்டார். சுவர். ஆளுக்கொரு திசை, ஆளுக்கொரு அகலம், சொல்லச் சொல்லப் போட்டார், பதினோரு கதவு போட்டார், அத்தனையும் சுவர். சாக்பீஸ் சுண்டுவிரல் நகம் அளவுக்குத் தேய்ந்து, இன்னொன்று போனது.

ரெஜினா சந்தருகே உட்கார்ந்தாள். "இதெல்லாம் அடுத்தவங்க வாசல்யா. உங்களுக்கு எந்தப் பக்கம் வேணும்?"

"எனக்கா?" என்றார் தவசி.

அவர் நாலு சுவரையும் பார்த்தார். அப்படிப் பார்ப்பதற்கே அவருக்கு வெகுநேரம் ஆனது. இருக்கிற வாசல் வழியே போய்வந்துகொண்டிருந்தவரை வாசலை எங்கே வைப்பது என்று கேட்டால் எங்கே போய்த் தேடுவார்? "தெரியலையேம்மா," என்றார், அவமானப்பட்டவர் மாதிரி.

"எதையாவது சொல்லித் தொலைங்களேன், வெளிய வந்துறலாம்ல!" என்று கத்தினாள் குருவம்மாள். "மேக்க போடுங்க! தெக்க போடுங்க!" அவர் மேற்கே போட்டார், தெற்கே போட்டார். சுவர், சுவர். அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அவள் சொன்னால் திறக்காது. அவள் நினைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றால்கூட, அவர் அவள் முகத்தைப் பார்த்து அதையே போடுவார், திறக்காது. வாயால் மலையைப் புரட்டினவள் செய்யக்கூடியது ஒன்றே ஒன்று, அந்த வாயை மூடிக்கொண்டு தூரப்போவது.

போனாள். மண்டியில் போய் உட்கார்ந்தாள். வேறு யாரும் அவரிடம் திசை சொல்லக்கூடாது என்று ஊரைக் கையெடுத்துக் கும்பிட்டாள், அவள் கும்பிட்டதைப் பார்த்ததே இல்லாத ஊர் மிரண்டுபோய் வாயைப் பொத்திக்கொண்டது. சாப்பாட்டைச் சேவுகன் கொண்டுபோய்த் திணித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டே திரும்பினார். பால்ச்சாமி அந்த நிறுத்தத்தில் விசில்கூட அடிக்கவில்லை. தார் இறங்கியது, ஏலக்காரன் அவள் முகத்தைப் பார்த்தான், அவள் எதிராளி சொன்ன விலைக்கே தலையாட்டினாள். கோயிலுக்குப் போய் சாமியிடம் பேரம் பேசலாம் என்று எழுந்தாள். சாமிக்கு என்ன கொடுப்பேன் என்று சொன்னாலும் அதுவும் தான் சொல்கிற வாசலாகிவிடுமோ என்று பயந்து உட்கார்ந்துவிட்டாள். ஒரு நாள், ரெண்டு நாள், ஒரு வாரம். இத்தனை வருஷத்தில் அவருக்கு என்ன பிடிக்கும் என்று யோசித்துப் பார்த்தாள். என்ன கொடுத்தாலும் சாப்பிடுவார் என்பது மட்டும் ஞாபகம் வந்தது.

நாற்பத்தொன்றாம் நாள் பொழுது சாய்கிறதற்கு முன்னால் பால்ச்சாமி பஸ்ஸை மண்டி வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்தி, "யக்கா, போட்டுட்டார், ஏறு!" என்றான்.

வாசல் தெற்கில் இருந்தது. ஹாலுக்கும் இல்லை, ரோட்டுக்கும் இல்லை. அடுத்த மனைக்காரனின் முருங்கை நிழல் விழுகிற, மூன்றடிகூட இல்லாத சந்துவழியைப் பார்த்து, ரெண்டடி அகலத்துக்கு, வளைவு கோணலாக. எதற்காக அந்தப் பக்கம் என்று ஊரில் ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள், தவசியை யாரும் கேட்கவில்லை, கேட்கப் பயந்தார்கள். குருவம்மாள் போய்ச் சேர்ந்தபோது அவர் வெளியே நின்று, டீக்கடைக்காரன் கொடுத்த கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, வீட்டைச் சுற்றி மெதுவாக நடந்துகொண்டிருந்தார். தாடி வளர்ந்திருந்தது. ஹாலுக்கு எதிரே வந்ததும் நின்று உள்ளே முளைத்த புல்லைப் பார்த்தார்.

"ரொம்பப் பெருசு," என்றார்.

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுதாள், திட்டினாள், எலும்பும் தோலுமாகிவிட்டதாகச் சொல்லித் தோளைத் தடவினாள். "வாங்க, வீட்டுக்குப் போவோம். சோறு ஆக்கியிருக்கேன்."

"நீ போ குருவு. நான் இங்கன இருக்கேன்."

அவர் கிளாஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, முருங்கைச் சந்துக்குப் போய், தன் வாசல் வழியே உள்ளே போய் உட்கார்ந்தார். குருவம்மாள் பின்னாலேயே ஓடிப்போய்க் காலெடுத்து வைத்தாள். நெற்றி இடித்தது. அவர் போய்வருகிற இடம் அவளுக்குச் சுவராக இருந்தது.

"என்னங்க இது? அஞ்சடிங்க! நாந்தான் புத்திகெட்டுப்போய்ப் பிடுங்கிட்டேன். ஏழு வச்சுக்கங்க. சேவுகன், ஏழு போடும்."

தவசி தலையை ஆட்டினார்.

"பத்து. மொதல்ல சொன்ன பத்து, வச்சுக்கங்க."

"வேணாம் குருவு."

"ஹால்ல பாதி தாரேன்." கூடியிருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், அவள் வாயில் எண் ஏறுவதை அந்த ஊர் அன்றைக்குத்தான் பார்த்தது. "முழு ஹாலையும் எடுத்துக்கங்க. கிழக்க சன்னல், மேக்க சன்னல், காத்து வரப்போக எத்தன வேணுமோ அத்தன. நான் வாடகை வீட்டுலயே கெடக்கேன். மண்டிய வேணாலும் எழுதித் தாரேன். என்ன வேணும், ஒரு வார்த்த சொல்லுங்க, நான் கொறைச்சுக் கேக்க மாட்டேன்."

"இது போதும்," என்றார் தவசி. எப்போதும் சொல்கிற அதே வார்த்தைதான். ஆனால் இந்த முறை அவரே யோசித்துச் சொன்னார், அதனால் அதற்குமேல் பேச இடமில்லாமல் இருந்தது. "வாசல் நான் வச்சது. நல்லாருக்கு."

"அப்ப நான்?"

அவர் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. சுவரைப் பார்த்து யோசித்த மாதிரியே அவள் முகத்தைப் பார்த்து வெகுநேரம் யோசித்தார், முகத்தில் கோபம் இல்லை, குத்தல் இல்லை.

"அது எனக்கு எப்படித் தெரியும் குருவு? ஒனக்கு எங்கன வாசல் வேணும்னு நீதான் சொல்லணும்."

தார் தரையைத் தொடுமுன்னே விலை சொல்கிற வாய் திறந்தது. ரெஜினா பார்த்துக்கொண்டிருந்தாள், சேவுகன் பார்த்துக்கொண்டிருந்தார், பால்ச்சாமி பஸ்ஸை அணைக்கச் சொல்லிவிட்டு இறங்கி நின்றான், உள்ளே இருந்த பயணிகள் ஒருவரும் நேரமாகிறது என்று சொல்லவில்லை. ஹால் அடுத்தவன் பார்ப்பதற்கு என்று தெரிந்தது. மண்டி அடுத்தவனை ஜெயிப்பதற்கு என்று தெரிந்தது. தனக்கென்று எந்தப் பக்கம் திரும்பி உட்கார வேண்டும் என்று குருவம்மாள் தேடினாள், கிழக்கே பார்த்தாள், மேற்கே பார்த்தாள், கூடி நின்றவர்களின் முகத்தில் யாராவது ஒரு திசை சொல்லமாட்டார்களா என்று பார்த்தாள். ஊர் வாயைப் பொத்திக்கொண்டு நின்றது. அவள் வாய் திறந்தபடியே இருந்தது.